பதினோராவது முடிச்சு

சொரிமுத்து கட்டிலை விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவன் பெண்டாட்டி சந்தனமாரி கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அமுக்கிப் படுக்கவைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், கையை எடுத்தாள், அவன் போர்வையோடு சேர்ந்து மறுபடியும் எழும்பினான். இப்படி மூன்று தடவை ஆனபிறகு, கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்து அவன் இடுப்பைக் கட்டிலோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு, கஞ்சி அடிப்பிடித்துவிடுமே என்று அடுப்படிக்குத் திரும்பினாள்.

அது நடந்தபோது நான் அங்கே இல்லை, ஆனால் அரைமணி நேரத்தில் இருந்தேன். என் பேர் கொம்பையா. தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கியில் அவனும் நானும் இருபத்தேழு வருஷம் ஜோடியாக மூட்டை தூக்கியவர்கள். ஜோடி என்றால், ஒருத்தன் மூட்டையை ஏற்றிவிடுவான், ஒருத்தன் முதுகில் வாங்கிக்கொண்டு லாரிக்கு நடப்பான். எங்களில் ஏற்றிவிடுகிறவன் நான், வாங்குகிறவன் அவன். அவன் முதுகில் நான் ஏற்றிய உப்பை ஒரே இடத்தில் கொட்டினால் எங்கள் தெரு மூடிப்போகும். அப்பேர்ப்பட்டவனுக்கு எடையே இல்லாமல் போனது கடவுளின் குசும்பு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், நானும் சிரித்தேன், சிரித்ததற்காகப் பிறகு என்னை நானே பலநாள் திட்டிக்கொண்டேன்.

அவனுக்குக் குடலில் புற்று. கண்டுபிடித்தபோதே கை மீறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் அவனை எடை மெஷினில் ஏற்றுவார்; முதலில் அறுபத்தெட்டு, பிறகு நாற்பத்தொன்று, பிறகு பதினாலு, கடைசியாக அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது முள் அசையவே இல்லை. டாக்டரம்மா மெஷினைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் எடை என்ற இடத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி, வலிக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்து, இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லும்போது அந்தம்மா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சேலை ரெண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் அவனோடு கட்டிலின் தலைமாடும் எழும்பத் தொடங்கியதால், சேர்ந்து பாரம் ஏற்றுகிற எங்கள் கொத்தில் என்னையும் சேர்த்து ஒன்பது பேரும் லாரிக் கயிற்றோடு போனோம். கட்டிலுக்கு அடியில் நாலு உப்பு மூட்டையைப் போட்டுக் கால்களோடு பிணைத்தோம். அவனுக்கு அடியில் பஞ்சு மெத்தையைப் போட்டு, அவன் மேலே கயிற்றைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். தகவல் கேட்டுத் திருப்பூரிலிருந்து ஓடிவந்த அவன் மகள் முப்பிடாதி, சின்னதில் அப்பன் சொல்லிக்கொடுத்த லாரி முடிச்சைத் தானும் ஒன்று போட்டாள். சந்தனமாரியின் சேலை முடிச்சோடு சேர்த்து மொத்தம் பதினொன்று. இத்தனை பேர் பாசத்தோடு கட்டின கட்டு, புயலே வந்தாலும் அசையாது என்று நாங்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முடிச்சைப் போட்டவன்தான் அவிழ்க்க வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் போட்ட முடிச்சை இன்னொருத்தன் அவசரத்தில் அவிழ்க்க, பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாததால், எட்டு மூட்டை சரிந்து மரியதாஸ் என்கிற மனுஷன் அடியில் நசுங்கிப் போய்விட்டான். அன்றைக்கு எடுத்த சத்தியம். போட்டவனுக்குக் காய்ச்சல் என்றால் அவனை ரிக்‌ஷாவில் கூட்டிவந்தாவது அவிழ்க்க வைப்போமே தவிர, அடுத்தவன் கை வைக்க மாட்டான்.

தெருவுக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப்பழம் வாங்கிப்போகும் வழக்கம் நின்று, பூசணிக்காயும் பலாப்பழமும் வாங்கிப்போனார்கள், கொஞ்சநேரம் அவன் கால்மாட்டில் வைத்துப் பாரம் கொடுக்கலாமே என்று; அதனால் எங்கள் தெருவில் அந்த மாசம் முழுக்கப் பூசணிக்காய்ச் சாம்பார்தான். பால்காரர் அவனைப் பார்த்து நலம் விசாரிக்கும்போது தன்னையறியாமல் கட்டிலைப் பிடித்துக்கொள்வார். கடல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்து வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள், சீட்டுப் பணத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள், கட்டிலில் ஒருத்தன் கிடக்கிறான் என்பதையே மறந்துபோனார்கள். ஒரு பாதிரியார் வந்து ஜெபித்தார். பூசாரி வந்து திருநீறு போட்டார், அது நெற்றியில் ஒட்டாமல் மெல்ல மேலே போனது, அவர் அதையும் பார்த்துக்கொண்டு தட்டில் விழுந்த காணிக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் வலி என்று ஒன்று இருந்ததே. அதற்கு மட்டும் யாரும் பழகவில்லை.

கயிறு இறுக இறுக அவனுக்கு வலித்தது. தளர்த்தினால் வலி குறைந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பதினோரு பேரும் கூடி முடிச்சுகளை நெகிழ்த்தி அவனை ஓட்டுக்கூரை வரை விட்டோம். மேலே போனவன், மூன்று மாசத்தில் முதல் தடவையாக, வாயைக் கொஞ்சம் திறந்து குழந்தை மாதிரித் தூங்கினான். சந்தனமாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்து அழுதாள், சந்தோஷத்தில்தான். அரைமணி நேரம். பிறகு அவன் முதுகு பட்ட இடத்தில் ஓடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வெயில் உள்ளே விழுந்தது. நாங்கள் ஆறு பேர் தொங்கி அவனை இழுத்துக் கீழே கொண்டுவந்து கட்டினோம், அப்போது அவன் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. அன்றையிலிருந்து வலி ரெண்டு மடங்கு. ஒரு தடவை மேலே விட்டதைத் திரும்பக் கீழே வாங்குவது அவனுக்கு எவ்வளவு பெரிய சித்திரவதை என்று தெரிந்துபோனதால், நெகிழ்த்தவும் பயம், இறுக்கவும் பயம்.

அந்த வாரத்தில்தான் அவன் கேட்டான். எல்லோரும் இருக்கும்போது, சாதாரணமாக, பீடி கேட்கிற மாதிரி.

“ஏலே, போதும்ல. அவுத்து விடுங்க.”

தெருவே ரெண்டாகிவிட்டது. கட்டுவது மனுஷன் வேலை, அவிழ்ப்பது ஆண்டவன் வேலை என்று பாதிரியார் சொன்னதாக ஒரு கூட்டம் சொன்னது. எங்கள் யூனியனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் வந்து, கயிறு கட்டாமலே இருந்திருந்தால் ஒரு தப்பும் இல்லை, கட்டினதை அவிழ்த்தால்தான் தப்பு, அதுவும் அவரே கேட்டார் என்று பேப்பரில் எழுதி ரெண்டு சாட்சி போட்டால் பாதித் தப்பு, என்று ஒரு மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். எஸ்.ஐ. வந்து கட்டிலைச் சுற்றி வந்து முடிச்சுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். கடைசியில் எங்கள் கொத்தில் மூத்தவரான சூசை அண்ணன் ஒரு வழி சொன்னார். உப்புக்காற்றில் கயிறு எப்படியும் இற்றுப்போகும், தானாக அறுந்து போகட்டும், யார் கையிலும் பாவம் ஒட்டாது.

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. முப்பிடாதிக்குப் பிடிக்கவில்லை. அப்பனின் விலாவில் கயிறு உரசின புண்ணைத் தினமும் துடைத்து மருந்து போடுகிறவள் அவள்.

“கயிறு அறுக வரைக்கும் எங்கப்பா வலியில கெடக்கணும், ஒங்க கையி சுத்தமா இருக்கணும்ங்கதுக்கு. அப்படித்தான மாமா?” என்றாள் சூசை அண்ணனிடம்.

அவள் அப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் காதில் என்னவோ கேட்டாள், அவன் தலையசைத்தான், அவள் தன் முடிச்சை அவிழ்த்தாள். மறுநாள் சந்தனமாரி சேலை முடிச்சை அவிழ்த்து, அந்தச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்கப்புறம் கொத்து ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்கள், குளித்துவிட்டு வந்தவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள். சூசை அண்ணன் கடைசியாக வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அவிழ்த்தார். எட்டு நாளில் பத்து முடிச்சு அவிழ்ந்தது. பதினோராவது என்னுடையது.

நான் அவிழ்க்கவில்லை.

என் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அங்கே தலைக்கு ஊற்றுவது என்று ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழடுகளுக்கு விடியுமுன் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, வயிறு நிறைய இளநீர் கொடுப்பார்கள். ரெண்டு நாளில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து காரியம் முடியும், ஊர் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போகும். எங்கள் அப்பாவுக்கு ஊற்றினபோது எனக்குப் பத்தொன்பது வயசு. அவருக்கு வலி ஒன்றும் இல்லை, நடக்க முடியவில்லை, பக்கவாதம், அவ்வளவுதான். அண்ணன்மார் சேர்ந்து முடிவெடுத்தார்கள், எண்ணெய் தேய்க்கிற வேலை எனக்கு. தலையில் எண்ணெய் வைத்தபோது அப்பா கோணின வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்து, “இன்னைக்குத் தீவாளியாடா?” என்று கேட்டார். ஆமாப்பா என்றேன். அதற்கப்புறம் நான் அந்த ஊரில் இருக்கவில்லை, தூத்துக்குடிக்கு வந்து மூட்டை தூக்கினேன். இத்தனை வருஷத்தில் ஒரு தீபாவளிக்கும் நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டதில்லை.

அதனால் நான் அவிழ்க்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறவனுக்கு அவிழ்ப்பார்கள், நாளைக்குக் கேட்காதவனுக்கும் கேட்டதாகச் சொல்லி அவிழ்ப்பார்கள், அதை நான் என் கண்ணால் பார்த்தவன். டீக்கடையில் இதைச் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, சொரிமுத்துவின் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் அவன் என் ஒற்றை முடிச்சில் கிடந்தான். பதினொன்றும் இருந்தபோது இழுவிசை உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. இப்போது மொத்தமும் ஒரே கயிற்றில், ஒரே விலா எலும்பில் வந்து நின்றது. இது எனக்குத் தெரியாதது இல்லை. பாரம் எப்படி எங்கே நிற்கும் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத பிழைப்பு என்னுடையது. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்தால் அந்த விலா எலும்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனாலும் நான் போகவில்லை. யாரும் என் முடிச்சில் கை வைக்கவும் இல்லை, அவன் பெண்டாட்டி பிள்ளைகூட.

சந்தனமாரி ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். என் பெண்டாட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திண்ணையில் வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்து நான் எல்லாப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டை போடாததால் நானே வாய் திறந்தேன்; யாரிடமும் சொல்லாத அப்பா விஷயத்தை அவளிடம் சொன்னேன், தீபாவளியையும் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எங்கள் அப்பாவுக்காக.

“அது பாவந்தான் அண்ணாச்சி. நான் இல்லங்கல,” என்றாள். “ஒங்கப்பாகிட்ட ஒருத்தரும் கேக்கல. இங்க அவுக கேட்டுக் கேட்டுத் தொண்ட வத்திக் கெடக்காவ, நீங்க வந்து காது குடுக்கல. ரெண்டும் ஒண்ணுதான, கேக்காம இருக்கது?”

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அவிழ்க்கமாட்டேன் என்று மறுபடியும் சொன்னேன், ஆனால் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

போனேன். மூன்று காலை போனேன், மூன்று காலையும் அவுக்கணுமால என்று ஒரே கேள்வியைக் கேட்டேன், கிட்டங்கியில் மூட்டையை ஏற்றிவிடும் முன் வாங்கிக்கிடுதியா என்று கேட்கிற மாதிரி. முதல் நாள் அவன் என்னைக் கண்டதும் கெட்ட வார்த்தையில் திட்டினான், ரொம்ப நேரம், மூச்சு வாங்க வாங்க. திட்டி முடித்து, அவுத்து விடுல என்றான். ரெண்டாம் நாள் அழுதான். மூன்றாம் நாள் தெளிவாக இருந்தான். முப்பிடாதிக்குத் திருப்பூரில் நல்ல வேலை, அவளை இங்கே கட்டிப்போடாதே என்று அவள் அம்மாவிடம் சொல்லச் சொன்னான்.

“பயமா இல்லையால?” என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றான். “எம்புட்டு ஒசரம்னு தெரியலல்ல. ஆனா வலி அதவிடப் பெருசு மக்கா.”

அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், கொத்து ஆட்கள் கட்டிலை உப்பு மூட்டைகளோடு தூக்கிவந்து தெருக்கோடியில் உள்ள பொட்டலில் வைத்தார்கள். அவனுக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். தெருவே வந்திருந்தது, வேண்டாம் என்று கடைசிவரை வாதாடினவர்களும் வந்திருந்தார்கள். ஒரு பூசணிக்காயைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. சந்தனமாரி அவன் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பிடாதி அவன் சட்டைப் பித்தானை ஒன்றுவிட்டு ஒன்று போட்டிருந்ததைச் சரிசெய்தாள். பிறகு எல்லோரும் நாலடி பின்னால் போனார்கள், எனக்கு இடம்விட்டு.

முடிச்சு உப்பில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அவிழ்ந்தபோது சத்தமே வரவில்லை, கயிறு என் மடியில் விழுந்தது, அவன் மெத்தையை விட்டு எழும்பினான், ஒரு சாண், ஒரு முழம், என் நெஞ்சு உயரம், என் தலை உயரம். அங்கேயே நின்றான்.

ஜனங்கள் கிழக்கே வெயிலைப் பார்த்து நின்றார்கள், கண் கூசியதால் கையை நெற்றியில் வைத்திருந்தார்கள், சந்தனமாரி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவன் ஏன் நிற்கிறான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் வலது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

கட்டியணைக்கிற பிடி இல்லை அது, ஆளுக்கு வலிக்கிற பிடி. இருபத்தேழு வருஷம் உப்பு மூட்டையின் காதைப் பிடித்த விரல்கள், நோயில் எல்லாம் போனபிறகும் அந்தப் பிடி மட்டும் போகவில்லை. மேலே இழுக்கிற உடம்புக்கும் என் கைக்கும் நடுவில் அவன் தோள்பட்டை கழன்றுவிடுகிற மாதிரி விறைத்தது, முகம் வலியில் கோணியது, கண் என்னையே பார்த்தது. என்னல, என்று கேட்டேன். வேண்டாமா, கீழ இறக்கணுமா, சொல்லு, என்று கேட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இவன் சொன்னதெல்லாம் உண்மையா, இந்தக் கை சொல்கிறது உண்மையா, அல்லது கை என்பது பிடிக்க மட்டுமே தெரிந்த பிராணியா, போகிறவன் எவனாக இருந்தாலும் அது இப்படித்தான் பிடிக்குமா, எனக்குத் தெரியவில்லை. கீழே இழுத்தால் அவன் போடப்போகிற சத்தம் எனக்குத் தெரியும். விட்டால் அப்புறம் கேட்டுக்கொள்ள அவன் இருக்கமாட்டான். ஒரு மூட்டையை ஏற்றிவிடுகிற நேரம் காத்திருந்தேன், இன்னொரு மூட்டையின் நேரம் காத்திருந்தேன், சத்தம் வரவில்லை.

என் இடது கையால் அவன் விரல்களைப் பிரித்தேன். சுண்டுவிரலை முதலில், பிறகு ஒவ்வொன்றாக, கட்டைவிரலைக் கடைசியாக.

அவன் ஓட்டுக்கூரைகளையும் டவரையும் தாண்டி, உப்பளங்களுக்கு மேலே, வெள்ளைச் சட்டை சின்னதாகிச் சின்னதாகிப் போனான். அப்போதுதான் சந்தனமாரி முகத்திலிருந்து கையை எடுத்து அண்ணாந்து பார்த்தாள். அழுகையை நிறுத்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், இத்தனை மாசத்தில் அவள் முகம் அப்படி ஆறி நான் பார்த்ததில்லை.

“கொஞ்சநேரம் நின்னாவல்ல அண்ணாச்சி, எங்களப் பாத்துட்டுப் போகணும்னு,” என்றாள். “பெறகு அவுகளா மனசு சமாதானமாகிப் போய்ட்டாவ.”

சிவந்திருந்த மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஆமா தாயி,” என்றேன். “அவனாத்தான் போனான்.”